நோட்ல 43 கதை கெடக்கு, இதுல எதை எழுதுறது?

என் போன்ல "கதை"ன்னு ஒரு நோட் இருக்கு. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம எண்ணிப் பாத்தேன், 43 ஐடியா. சிலது அரைப் பக்கம், சிலது ஒத்த வரி, ஒண்ணு வெறும் "மாமா + தராசு"ன்னு மட்டும் இருக்கு, எந்த மாமா எந்தத் தராசுன்னு சத்தியமா எனக்கே ஞாபகம் இல்ல. இதுபோக வாட்ஸப்ல எனக்கு நானே அனுப்பி வச்ச வாய்ஸ் நோட் வேற, பஸ்ல போகும்போது பேசுனது, போட்டுக் கேட்டா பாதி ஹாரன் சத்தம்தான். சரி இவ்வளவு ஐடியா இருக்கே, அந்த வருஷம் எழுதி முடிச்ச கதை எத்தனைன்னு பாத்தா ரெண்டு.

ஐடியாவே வரலைன்னு சொன்னா ஆளாளுக்கு வந்து வழி சொல்லுவாங்க. ஐடியா ஜாஸ்தியாகி எழுத முடியலைன்னு சொல்லிப் பாருங்க, "குடுத்து வச்ச ஆளுப்பா நீ"ன்னு சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா இது நிஜமாவே ஒரு அவஸ்தை. திங்கக்கிழமை ஒண்ணை ஆரம்பிப்போம், புதன்கிழமை அது சப்புன்னு தெரியும், அதுக்குள்ள இன்னொண்ணு கண்ணைச் சிமிட்டும், அதுக்கு ஓடுவோம், கடைசில எல்லாத்துலயும் முதல் ரெண்டு பக்கம் மட்டும் கையில இருக்கும். என்கிட்ட அப்படி முதல் ரெண்டு பக்கம் மட்டும் ஒரு ஃபைல் நெறைய இருக்கு, தலை மட்டும் இருக்கற பொம்மை மாதிரி.

அதனால நான் இப்ப எப்படித் தேர்ந்தெடுக்கிறேன்னு எழுதுறேன். நான் எழுதுறது சிறுகதைதான், பகல்ல அக்கவுண்ட்ஸ் வேலை, எழுத நேரம் காலைல ஒரு மணி நேரம். உங்க நிலைமை வேறயா இருந்தா அதுக்கேத்த மாதிரி மாத்திக்கங்க.

மார்க் போடாதீங்க

முதல்ல நான் பண்ண கோட்டித்தனத்தைச் சொல்லிடறேன். அக்கவுண்ட்ஸ் ஆளு இல்லையா, எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். ஐடியா ஒரு காலம், புதுமைக்குப் பத்துக்கு எத்தனை, யாராவது படிப்பாங்களா அதுக்கு எத்தனை, பத்திரிகைல போடுவாங்களா அதுக்கு எத்தனை, கூட்டிக் கடைசி காலத்துல மொத்தம். எது முதல் மார்க் வாங்குச்சோ அதை நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி எழுதல. ஏன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, நான் மார்க் போட்டது ஐடியாவுக்கே இல்ல, அதை யாரோ ஒரு பெரிய எழுத்தாளர் பிரமாதமா எழுதி முடிச்சுட்ட மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டு அந்தக் கதைக்கு மார்க் போட்டிருக்கேன். எழுதப் போறது அவர் இல்ல, நான்.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேக்கறதும் அதே மாதிரிதான். டீக்கடைல நாலு ஐடியாவைச் சொல்லி "எதுடா நல்லாருக்கு"ன்னு கேட்டா, வாயால சொல்றதுக்கு எது நல்லாருக்கோ அதைத்தான் சொல்லுவாங்க, பெரும்பாலும் கடைசில திருப்பம் வர்ற கதை. "கடைசில பாத்தா அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு" மாதிரி. வாயால சொல்ல அது ஜோரா இருக்கும், எழுத உக்காந்தா அந்தக் கடைசி வரி வர்ற வரைக்கும் பத்துப் பக்கம் என்னத்தைப் போட்டு ரொப்புறதுன்னு முழிப்போம். இன்னொண்ணு, ஒரு கதையை ரெண்டு மூணு பேர்கிட்ட நல்லா ஏத்த இறக்கத்தோட சொல்லிட்டீங்கன்னா, உள்ள இருந்த ஆவி போயிடுது, அப்புறம் குக்கரைத் திருப்பி அடுப்புல ஏத்தினாலும் விசில் வராது. எனக்கு அப்படி நாலஞ்சு போயிருக்கு. சிலருக்குச் சொல்லச் சொல்லத்தான் கதை வளரும், அவங்க தாராளமா சொல்லலாம், நான் அந்த ஜாதி இல்ல.

நோட்டை மூடி வைங்க

ஒரு வாரம் அந்த நோட்டைத் தொறக்காதீங்க. புதுசா எதுவும் சேக்கவும் வேணாம். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எதையும் பாக்காம, ஞாபகத்துல என்னென்ன ஐடியா நிக்குதோ அதை மட்டும் எழுதுங்க. எனக்கு 43ல 9 தான் வந்துச்சு. மிச்சம் 34 என்னன்னு திரும்ப நோட்டைத் தொறந்து பாத்தப்ப, பாதிக்கு மேல எதுக்கு எழுதி வச்சேன்னே தெரியல, ஏதோ செய்தியைப் படிச்சுட்டு அந்த வேகத்துல தட்டினது.

இதுல எத்தனை ஞாபகம் வந்துச்சுங்கறதைவிட எப்படி ஞாபகம் வந்துச்சுன்னு பாருங்க. சிலது "நேர்மையா இருந்தா என்ன ஆகும்" மாதிரி ஒரு வாக்கியமா வரும். சிலது ஒரு ஆள் உக்காந்திருக்கற மாதிரி, ஒரு வாசல் தெரியுற மாதிரி வரும். ரெண்டாவதா சொன்னதுக்குப் பக்கத்துல ஒரு டிக் போட்டுக்கங்க. வாக்கியமா வந்தது கட்டுரையாப் போக நெறைய வாய்ப்பு இருக்கு, எனக்கு அப்படி ஒரு கதை பாதில மேடைப்பேச்சாவே மாறிடுச்சு.

விவரமும் கேள்வியும்

நான் எல்லாத்தையும்விட முக்கியமாப் பாக்கறது இதைத்தான். ஒவ்வொரு ஐடியாவுக்கும் ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, இதுல எனக்குக் கையால தொட்ட மாதிரி தெரிஞ்ச விவரம் என்ன இருக்கு. ரெண்டு, இதுல எனக்கே பதில் தெரியாத கேள்வி என்ன இருக்கு. ரெண்டும் இருக்கறதை எடுங்க. விவரம் மட்டும் இருந்தா அது சம்பவமா நின்னுடும், "எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தாரு"ன்னு ஆரம்பிச்சு "அப்படி ஒரு மனுஷன்"னு முடியும். கேள்வி மட்டும் இருந்தா வெறும் கருத்தா இருக்கும், அந்தக் கதைல வர்ற ஆளுங்களுக்குப் பசிக்கவே பசிக்காது.

இதை என் லிஸ்ட்டை வச்சே சொல்றேன்.

எங்க சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். அங்க தீப்பெட்டி ஆபீஸ்ம்போம், தொழிற்சாலைன்னு யாரும் சொல்றதில்ல. எங்க அத்தை முப்பது வருஷத்துக்கு மேல வீட்டுல உக்காந்து பெட்டி ஒட்டுனவங்க, ஒரு குரோசுக்கு இவ்வளவுன்னு கூலி, ஒரு குரோஸ்னா 144. மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுன மைதாப் பசை, திண்ணை பூரா காயப் போட்ட பெட்டி, மேகம் கறுத்தா தெருவே ஓடி ஓடி அள்ளும், அத்தையோட வலது கை ஆள்காட்டி விரல் நுனி வழவழன்னு ரேகையே இல்லாத மாதிரி இருக்கும். இதெல்லாம் எனக்குத் தேடவே வேணாம், கண்ணை மூடுனா வந்துடும். ஆனா இது மட்டும் இருந்தப்ப அது கதையா வரல, மூணு தடவ எழுதிப் பாத்து மூணு தடவையும் "பாவம் அத்தை"ன்னு முடிஞ்சுது. அப்புறம் ஒருக்கா ஊருக்குப் போயிருந்தப்ப கரண்ட்டு போச்சு, மெழுகுவத்தி ஏத்தலாம்னு தீப்பெட்டி கேட்டேன், அத்தை வீட்டுல தீப்பெட்டியே கிடையாதாம். கேஸ் அடுப்புக்கு லைட்டர், சாமி விளக்குக்குப் பக்கத்து வீட்டுல போய் ஒரு குச்சி வாங்கிட்டு வர்றாங்க. "ஏன் அத்தே"ன்னு கேட்டா "அதெல்லாம் எதுக்கு மருமகனே"ன்னுட்டுப் போயிட்டாங்க. அந்த நிமிஷம்தான் அது கதை ஆச்சு, ஏன்னா எனக்குப் பதில் தெரியல, இன்னமும் தெரியாது. 14 வருஷமா ஒரு ரூபாயா இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபா ஆச்சே, அந்த நாள்ல கதையை வச்சா என்னன்னு தோணுச்சு, அது எல்லாம் தானா வந்து ஒட்டிக்கிச்சு.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு. "2090, சென்னை, ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணின்னு கார்டு, அந்தக் கார்டைத் திருடுறவன்." கேள்வி நல்லாத்தான் இருக்கு, தண்ணியத் திருடுனா அது கொலைக்குச் சமமா இல்லையான்னு. ஆனா அவன் காலைல எந்திரிச்சா என்ன பண்ணுவான், அவன் ரூம்ல என்ன வாசம் அடிக்கும், அவன் அம்மா அவனை எப்படித் திட்டுவாங்க, ஒண்ணும் தெரியல, எழுதுனதெல்லாம் ஏதோ சினிமால பாத்த நீல வெளிச்சம். இதைத் தூக்கிப் போடலாம்னு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வத்திப் போய்க் கெடந்தப்ப நான் இதே சென்னைல லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசைல போட்டுட்டு நின்னவன்தானே. குடத்துக்குப் பேர் எழுதி வச்சது, எங்க குடத்தை ஒருத்தர் நகத்தி வச்சுட்டார்னு நடந்த சண்டை, லாரி ரிவர்ஸ்ல வர்ற அந்த ம்யூசிக் கேட்டதும் மூணு மாடி இறங்கி ஓடுனது. விவரம் அங்க கெடக்கு. ஆக அந்த ஐடியாவோட நிஜ வருஷம் 2090 இல்ல. அதை இப்ப "2019, குடம்"னு மாத்தி எழுதி வச்சிருக்கேன், முன்னாடி அது லிஸ்ட்ல கடைசி, இப்ப மூணாவது இடம்.

அதனால ஒரு ஐடியால விவரம் இல்லைன்னா உடனே அழிச்சிடாதீங்க, இதே கேள்வி என் வாழ்க்கைல எங்கயாவது உரசிட்டுப் போயிருக்கான்னு ஒரு தடவை தேடுங்க. எதிர்காலக் கதை, பேய்க் கதை, ராஜா காலத்துக் கதை எதுக்கும் இது பொருந்தும். பேய் வர்ற வீடு உங்க தாத்தா வீடா இருந்தா அந்தப் பேய்க்குப் படி எங்க இருக்கு, எந்தக் கதவு கிரீச்சிடும்னு உங்களுக்குத் தெரியும்.

ஆறாதது

லிஸ்ட்ல ஒண்ணு இருக்கும், விவரமும் இருக்கும் கேள்வியும் இருக்கும், ஆனா எழுத உக்காந்தா நெஞ்சு அடைக்கும். எனக்கு அது எங்கப்பாவோட பழைய மொபெட். அவர் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதை எழுதுனப்ப கதைல அப்பா ஒரு தப்பு கூடப் பண்ணல, கோவப்படல, பொய் சொல்லல. அப்படி ஒரு மனுஷன் எங்க வீட்டுல இல்ல. அப்பவே தெரிஞ்சுது இது இன்னும் வேகலைன்னு. உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருந்தா, அந்த ஆளு பண்ண ஒரு அல்பத்தனத்தை ஒரு பத்தி எழுதிப் பாருங்க. கை வந்தா எழுதலாம். வரலைன்னா அப்படியே இருக்கட்டும், எங்கயும் ஓடிடாது.

பெரிய ஐடியாவுக்குச் சின்ன வாசல்

தனுஷ்கோடி. தமிழ்ல எழுதுற பத்துப் பேர்ல நாலு பேர் நோட்ல இந்த ஒரு வார்த்தை இருக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி, புயல், ரயிலே பயணிகளோட கடலுக்குள்ள போனது, ஊரே அழிஞ்சு இன்னைக்கு சர்ச் சுவரு மாதிரி இடிஞ்ச கட்டடங்க நிக்கிறது. நினைச்சாலே சிலிர்க்கும். எழுதலாம்னு உக்காந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது, அந்தக் கால ரயில்வே, போட் மெயில், இலங்கைக்குக் கப்பல் போன விதம், மீனவர் பேச்சு, எல்லாத்தையும் படிக்கணும், படிச்சுட்டே இருப்போம், படிக்கிறதே சோலியாப் போயிடும், ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம கையில நூறு பக்கம் குறிப்பு இருக்கும், கதை இருக்காது.

இந்த மாதிரி ஐடியாவை அப்படியே முழுசா வாயில போடாதீங்க. சின்னதா ஒரு வாசல் தேடுங்க. அதே புயல்ல பாம்பன் ரயில் பாலமும் சிதைஞ்சு போச்சு. அதைச் சரி பண்ண ரயில்வே ஆறு மாசம் கெடு வச்சது, அப்புறம் அதை மூணு மாசம்னு குறைச்சாங்க, அந்த வேலைக்குப் பொறுப்பா வந்த இளம் இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன், பின்னாடி கொங்கண் ரயில்வே டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கினாரே அவரேதான், 46 நாள்ல வேலையை முடிச்சு ரயிலை ஓட விட்டாங்க. இதைப் படிச்சதும் எனக்குப் புயல் போச்சு, அந்த 46 நாள் மட்டும் நின்னுச்சு. அத்தனை வேலையாளுக்கும் யாரோ ஒருத்தர் சோறு பொங்கியிருக்கணும் இல்லையா. அந்தச் சமையக்காரரை நான் கற்பனை பண்ணிக்கிட்டேன். அத்தனை பேரை முழுங்கின கடல், அதுல பிடிச்ச மீனை அவர் குழம்பு வைப்பாரா மாட்டாரா, வச்சா அந்த ஆளுங்க சாப்பிடுவாங்களா. இப்ப எனக்குத் தேவைப்படறது ஒரு அடுப்பு, ஒரு கொட்டகை, ஒரு கேள்வி. படிக்க வேண்டியது நூத்துல பத்தாக் குறைஞ்சுது.

வாசல் மாறுறதைப் பத்திச் சொல்லும்போது டால்ஸ்டாய் ஞாபகம் வர்றாரு. அவர் முதல்ல எழுத நினைச்சது, 1825ல கலகம் பண்ணிச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட ஒருத்தர் 1856ல குடும்பத்தோட திரும்பி வர்ற கதை. அந்த ஆளைப் புரிஞ்சுக்க 1825க்குப் போனாரு, அவரோட இளமையைப் புரிஞ்சுக்க 1812க்குப் போனாரு, அங்கிருந்து 1805க்குப் போயிட்டாரு, "போரும் அமைதியும்" நாவல் அங்கதான் ஆரம்பிக்குது. அவர் பின்னாடி போய்ப் போய்ப் பெருசாக்கினாரு, அவருக்கு எஸ்டேட்டும் நேரமும் இருந்துச்சு. எனக்கு காலைல ஒரு மணி நேரம், அதனால நான் உள்ள போய்ப் போய்ச் சின்னதாக்கறேன். ரெண்டு பேருக்குமே முதல்ல தோணுன வாசல் நிஜ வாசல் இல்லைங்கறது மட்டும் பொது.

கணக்கு

இது போர்தான், ஆனா தேவை. ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை உங்களால எழுத முடியும்னு ஒரு வாரம் பாத்துக்கங்க. எனக்கு 300, வாரத்துல அஞ்சு நாள், ஆக 1500. பத்திரிகைக்கு அனுப்புற 2000 வார்த்தைக் கதைன்னா முதல் வரைவு ஒன்றரை வாரம், அடிச்சுத் திருத்த இன்னும் ரெண்டு வாரம். 60,000 வார்த்தை நாவல்னா முதல் வரைவுக்கே 40 வாரம், அதுவும் காய்ச்சல் கல்யாணம் கருமாதி எதுவும் வராம இருந்தா. தீபாவளி மலருக்குக் கதை அனுப்ப ஆசைன்னா ஆகஸ்ட்ல உக்காந்துட்டு நாவல் ஐடியாவைக் கையில எடுக்கக் கூடாது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள்ள புக்கு போடணும்னு நினைச்சா இன்னும் மோசம், அந்த அவசரத்துல பலபேர் எழுதுறதைப் பாத்திருக்கேன், நவம்பர்ல வர்ற அத்தியாயங்கள்ல மனுஷங்க திடீர்னு வேகமா நடக்க ஆரம்பிச்சுடுவாங்க.

அதே சமயம் ஒரு ஐடியாவோட அளவை மீறியும் இழுக்காதீங்க. திருப்பம் மட்டுமே இருக்கற ஐடியாவை ஒரு பக்கக் கதையா எழுதிட்டா ஜோலி முடிஞ்சுது, ஒரே உக்காறல்ல லிஸ்ட்லேர்ந்து ஒண்ணு குறையும். என் 43ல அப்படி ஆறு இருந்துச்சு, ரெண்டு ஞாயித்துக்கிழமைல ஆறையும் எழுதித் தள்ளிட்டேன், ரெண்டு தேறுச்சு, நாலு குப்பை, பரவால்ல.

மூணு நாள், மூணு பக்கம்

இப்ப உங்க கைல மூணோ நாலோ மிஞ்சியிருக்கும். இதுக்கு மேல யோசிச்சுப் பிரயோஜனம் இல்ல, எழுதித்தான் பாக்கணும். ஒரு நாளைக்கு ஒரு ஐடியா, ஒரு பக்கம். ஆனா முதல் பக்கத்தை எழுதாதீங்க. முதல் பக்கம் எல்லா ஐடியாவுக்கும் நல்லாத்தான் வரும், மழை பெய்யும், பஸ் வந்து நிக்கும், ஒருத்தன் இறங்குவான், நாம எல்லாரும் அதுல கெட்டிக்காரங்க. நடுவுல ஒரு இடத்தை எடுங்க, எந்த இடத்தை நினைச்சா "இதை எப்படி எழுதப் போறேனோ"ன்னு இருக்கோ அந்த இடம். ரெண்டு பேர் பேசிக்கிற இடமா இருந்தா இன்னும் நல்லது, ஆளு உயிரோட இருக்கானா இல்லையான்னு பேச்சுல தெரிஞ்சுடும்.

எழுதி முடிச்சதும் நல்லாருக்கான்னு பாக்காதீங்க, அன்னைக்கு எழுதுனது அன்னைக்கு நல்லாத்தான் இருக்கும், இல்லாட்டி கேவலமா இருக்கும், ரெண்டுமே நிஜம் இல்ல. வேற சிலதைப் பாருங்க. நான் நினைக்காத ஒரு விஷயம் உள்ள வந்துச்சா? அத்தை கதைக்கு நான் எழுதுன பக்கத்துல, அத்தை பழைய லேபில் கட்டு ஒண்ணை பழைய பேப்பர் கடைக்குக் கொண்டு போறாங்க, கடைக்காரரு அதைத் தராசுல வைக்கிறாரு, எழுதிட்டே இருக்கும்போது அவங்க அவரை "மாமா"ங்கறாங்க. எனக்குப் புல்லரிச்சிடுச்சு. மாமா + தராசு! அது இந்த மாமாதானான்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா அந்த ஒத்த வரி நோட்டுக்கு ஒரு வீடு கெடச்சுடுச்சு. இந்த மாதிரி ரெண்டு அரைகுறை ஐடியா ஒட்டிக்கிட்டு ஒண்ணாகறது அடிக்கடி நடக்கும், அதனால பக்கம் எழுதும்போது மிச்ச லிஸ்ட் தலையில ஓடிட்டு இருந்தா ஓடட்டும், அதட்டாதீங்க.

அப்புறம் பாஷை. அந்த ஆளு வாயில வர்ற பேச்சு உங்களுக்குக் காதுல கேக்குதா? எனக்குக் கோவில்பட்டி, சாத்தூர்ப் பேச்சு கேக்கும். மெட்ராஸ்ல பதினோரு வருஷமா இருக்கேன், ஆனாலும் மெட்ராஸ் பாஷைல ஒரு ஆளைப் பேச வச்சா அவன் சினிமா ரவுடி மாதிரி பேசுறான், "இன்னாப்பா"வுக்கு அப்புறம் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியல. குடம் கதைல எனக்கு இதான் பிரச்சனை. அதுக்கு ஒரு வழி இருக்கு, சொல்றவனை வெளியூர்க்காரனாவே வச்சுக்கலாம், வரிசைல நின்னு கேக்கறவனா. யார் வாயில கதையைக் குடுக்கறதுங்கறது முடிவாகாம ஐடியாவை முடிவு பண்ணாதீங்க, நல்ல ஐடியாவா இருந்தும் தப்பான வாயில குடுத்துக் கெட்டுப்போன கதை என்கிட்டயே ரெண்டு இருக்கு.

கடைசியா அடுத்த நாள் காலைல பாருங்க. பல்லு விளக்கும்போதோ வண்டி ஓட்டும்போதோ எந்தப் பக்கத்துல உள்ள வரியை மனசு தானா திருத்திக்கிட்டு இருக்கு? "அவங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்களே, இப்படில்ல சொல்லியிருப்பாங்க"ன்னு. அதுதான் நீங்க எழுத வேண்டியது. நான் இதை நம்புற அளவுக்கு வேற எதையும் நம்புறதில்ல, எக்செல் ஷீட் உட்பட.

மூணுல ரெண்டு சரிசமமா இழுத்தா சின்னதை முதல்ல எழுதுங்க. முடிச்ச சூட்டோட பெருசுக்குப் போகலாம், பெருசுல மாட்டிக்கிட்டுச் சின்னதை நினைச்சு ஏங்கறது ரொம்பக் கொடுமை.

எடுத்த பிறகு

ஒண்ணை எடுத்துட்டீங்க, எழுத ஆரம்பிச்சாச்சு, சரியா எட்டாவது நாள் புதுசா ஒரு ஐடியா வரும் பாருங்க, அவ்வளவு அழகா இருக்கும். அது கட்டாயம் வரும், ஏன்னா கையில இருக்கற கதை அப்பதான் கஷ்டமான இடத்துக்கு வந்திருக்கும், மனசு தப்பிக்க வழி தேடும். அந்தப் புதுசைத் துரத்தவும் வேணாம், கூடப் போகவும் வேணாம். பத்து நிமிஷம் குடுங்க, டைமர் வச்சு, தோணுறதை எல்லாம் நோட்ல கொட்டிட்டு மூடிட்டு திரும்பி வாங்க. பத்து நிமிஷத்துக்கு மேல கேட்டுச்சுன்னா "வரிசைல நில்லு"ன்னு சொல்லுங்க, குடம் மாதிரி.

எப்ப கைவிடலாம்னும் கேப்பீங்க. நான் ஒரு வழக்கம் வச்சிருக்கேன், முதல் வரைவை முடிக்காம எதையும் விடறதில்ல, சிறுகதையா இருந்தா. எவ்வளவு கேவலமா இருந்தாலும் கடைசி வரியைப் போட்டுடுவேன், நடுவுல "இங்க சண்டை, அப்புறம் எழுதணும்"னு ஒரு வரில தாண்டிட்டாவது. பாதில விட்டா அந்த ஐடியா தப்பா இல்ல நான் சோம்பேறியான்னு தெரியாமயே போயிடும். நாவலுக்கு இது செல்லாது, அதுக்கு நாலஞ்சு அத்தியாயம் வரைக்கும் பாத்துட்டு, அந்த ஆளுங்களோட இன்னும் ஒரு வருஷம் ஒரே வீட்டுல இருக்க முடியுமான்னு யோசிச்சுக்கங்க, முடியாதுன்னு தோணுனா வாடகை பாக்கி வைக்காம கிளம்பிடலாம்.

எழுதாம விட்ட மிச்ச ஐடியாவை அழிக்க வேணாம், ஆனா அதே நோட்லயும் வச்சிருக்காதீங்க, தினமும் கண்ணுல பட்டுட்டே இருந்தா குத்த உணர்ச்சிதான் வரும். நான் வேற ஒரு நோட் போட்டு அதுக்கு "ஊறுகா"ன்னு பேர் வச்சிருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் தொறக்கறது, பொங்கலுக்கு ஒருக்கா ஆடில ஒருக்கா. போன ஆடில தொறந்தப்ப 19 இருந்துச்சு, அஞ்சைத் தூக்கிப் போட்டேன். அப்பா மொபெட் அதுலதான் இருக்கு. அவர் பெட்ரோல் பங்க்ல சில்லறைக்காகச் சண்டை போட்டதை மட்டும் ஒரு பத்தி எழுதிப் பாத்தேன், எட்டு வரி வந்துச்சு.

அத்தை கதை பதினோரு பக்கம் வந்திருக்கு. அவங்க ஏன் தீப்பெட்டி வச்சுக்கறதில்லைங்கறதுக்குக் கதையில ஒரு பதில் இருக்கு, நிஜத்துல அது இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். அடுத்த வாரத்துலேர்ந்து குடம்.